கம்மி மார்க்கு

தனக்கொடி: “கண்ண மூடிக்கினு இன்னா தேடுற, அத்த?”ன்னு எம் புள்ள முன்ன ஒரு தபா கேட்டானே, ஞாபகம் இருக்கா அண்ணி?

ஜெயசுதா: இருக்கு. சிரிச்சி சமாளிச்சிட்டேன்.

தனக்கொடி: இப்ப அது மாதிரிதான் இந்தக் காலேஜுக்காரங்க பேப்பர்ல கேட்டாங்க. நீ இன்னா பண்ண? ஆறு வருசமா தெனம் காலையில தியானம் பண்றவ நீ. தொணைக்கு வந்த நான் சும்மா எழுதிப் பாத்தேன். எனக்கு உன்னவிட ஜாஸ்தி மார்க்கு!

ஜெயசுதா: நீதான் எல்லாத்துக்கும் ‘எப்பவும்’னு டிக் போட்டியே.

தனக்கொடி: ‘செய்யற வேலையிலயே மனசு இருக்குமா’ன்னு கேட்டாங்க. எப்பவும்! எனக்கு இன்னா கொறச்சல்?

ஜெயசுதா: கால பாரு.

தனக்கொடி: காலுக்கு இன்னா?

ஜெயசுதா: ஒரு செருப்பு உன்னுது. ஒண்ணு என்னுது.

தனக்கொடி: ஐயையோ... மதகடிப்பட்டு பஸ்ஸு வரைக்கும் இப்படியேவா நடந்தேன்? சிரிக்காத அண்ணி! நீ ஏன் ‘சில நேரம்’னு போட்ட?

ஜெயசுதா: மனசு ஓடுதே. முன்னல்லாம் ஓடறதே தெரியாது. ஒக்கார ஆரம்பிச்ச பொறவுதான் தெரியுது.

தனக்கொடி: தெரிஞ்சா தெரியட்டும், அத எழுதிக் குடுக்கணுமா? நம்ம ஏம்பலத்துப் பொம்பளைங்களுக்கு தியானம் சொல்லித்தர ஒருத்தரத்தான் எடுக்கறாங்க. உனக்குக் கெடைக்கணும்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கினு இருக்கேன்.

ஜெயசுதா: எனக்கும் ஆசதான் தனம். எனக்குக் கெடச்ச நிம்மதி நாலு பேருக்குக் கெடைக்கட்டுமேன்னு... அதுக்காவ சாமி பேர சொல்லி ஒக்காந்துட்டு பொய் எழுத முடியுமா?

தனக்கொடி: தோ, பரீட்ச வெச்ச ரூபினா மேடம் வராங்க. மூஞ்ச தொடச்சிக்க.

ரூபினா: ஜெயசுதா அக்கா! அடுத்த வாரத்துலேருந்து நீங்கதான் க்ளாஸ் எடுக்கறீங்க.

ஜெயசுதா: மேடம்... நெஜமாவா?

தனக்கொடி: அம்மாடியோவ்! அப்ப மார்க்கு?

ரூபினா: பேப்பர் மார்க்க மட்டும் பாத்தா நீங்கதான் டீச்சர், தனக்கொடி அக்கா.

தனக்கொடி: அப்படி சொல்லுங்க!

ரூபினா: ஆனா மூச்ச எண்ணச் சொன்னோமே... ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு பட்டன், ஒம்போதாவது மூச்சுக்கு மட்டும் வேற பட்டன்.

தனக்கொடி: அழுத்தினேனே.

ரூபினா: அந்த வேற பட்டன நீங்க தொடவே இல்ல.

தனக்கொடி: ...மாடு இன்னிக்கு கன்னு போடுமோன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன்.

ஜெயசுதா: நானும் நடுவுல எண்ணிக்கைய வுட்டுட்டேனே மேடம்.

ரூபினா: வுட்டதும் ‘வுட்டுட்டேன்’னு நீங்களே சொல்லிட்டு முதல்லேருந்து எண்ணினீங்க. அதுதான்க்கா வேணும். பழகினவங்களுக்கு மனசு ஓடறது தெரியுது, அதனால தனக்குத் தானே கொறச்சுப் போட்டுக்கறாங்க. பழகாதவங்களுக்கு ஓடினதே தெரியாது, தாராளமா போட்டுக்கறாங்க. அதனாலதான் பேப்பர மட்டும் நம்பறதில்ல. சரிக்கா, திங்கக்கெழம வந்துடுங்க.

தனக்கொடி: டீச்சரம்மா! எழுந்திரு, கட்டிப் புடிச்சிக்கறேன். போற வழியெல்லாம் சொல்லிக்கினு போவேன், எங்க அண்ணி கம்மி மார்க்கு வாங்கி ஜெயிச்சவன்னு!

ஜெயசுதா: மெதுவா... எல்லாரும் பாக்கறாங்க.

தனக்கொடி: பாக்கட்டும்! ஆமா, கண்ண மூடினா உம் மனசு அப்படி எங்கதான் ஓடுது? அண்ணன்கிட்டயா?

ஜெயசுதா: உங்கிட்ட.

தனக்கொடி: எங்கிட்டயா? அந்நேரத்துக்கு நான் தூங்கிக்கினு இல்ல இருப்பேன்!

ஜெயசுதா: தூங்கறவளா பால்காரன் ஆரன் அடிக்கறதுக்குள்ள தெருமுனைக்குப் போயி பால் வாங்கறா? தூங்கறவளா குக்கர வுட்டுட்டு சத்தமில்லாம பானையில சோறு வடிக்கறா? கொலுச கழட்டி மடியில முடிஞ்சிக்கினு நடக்கறா? நான் கண்ணத்தான்டி மூடியிருந்தேன், காத மூடல.

தனக்கொடி: ...கைக்கொழந்தயோட நான் உங்க வூட்டு வாசல்ல வந்து நின்னப்ப, எத்தினி நாளைக்கு இருப்பன்னு ஒரு வார்த்த கேக்கலயே நீ. அந்தக் கடன வேற எப்படி அண்ணி தீக்கறது? நீ கண்ண மூடியிருக்கியேன்னுதான் அத்தினி தைரியமா செஞ்சேன்!