யாரும் மாற்றாத எண்

புது செல்போன் வாங்குகிறவர்களில் பலர் அதில் வந்த மணியோசையை மாற்றுவதே இல்லை. கடையில் எப்படி இருந்ததோ அப்படியே கடைசிவரை ஒலிக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை சார். செய்தவன் யோசித்துத்தான் வைத்திருப்பான் என்ற நம்பிக்கை அது. என் தொழிலே அந்த நம்பிக்கையின் மேல்தான் நடந்தது.

நானும் அறிவுமதியும் சிதம்பரத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். 2005இல் கடலூரில் சின்னதாக ஒரு கம்பெனி தொடங்கினோம். ரசாயன ஆலைகளில் வாயு கசிந்தால் சங்கு ஊதும் கணினிகளைச் செய்து கொடுத்தோம். அவற்றுக்கு லினக்ஸ் என்ற இயங்குதளத்தைச் சுருக்கிப் பயன்படுத்தினோம். அதை உள்ளிருந்து நடத்தும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அது எந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்ல நூற்றுக்கணக்கான எண்கள் உண்டு. வாங்குகிறவர் எதையும் தொடமாட்டார். நாங்கள் வைத்து அனுப்புவதுதான் நிற்கும். ஒவ்வொன்றையும் சோதித்து, காரணம் எழுதி, இரண்டு வருடம் உட்கார்ந்து அந்தப் பட்டியலைச் செய்தவன் நான். அறிவுமதி ஆர்டர் பிடித்தான்.

அதில் ஓர் எண். கெர்னல் நிலைகுலைந்தால் எத்தனை விநாடியில் கணினி தானாக மறுபடி தொடங்க வேண்டும் என்பது. பத்து என்று வைத்திருந்தேன். பூஜ்யம் வைத்தால், யாராவது வந்து அணைத்து மறுபடி போடும்வரை உறைந்து நிற்கும்.

2008இல் சிதம்பரத்தில் ஒரு கருத்தரங்கு. என் பட்டியல் திரையில் வந்தது, என் வாக்கியங்களோடு. மேலே அறிவுமதியின் பெயர் மட்டும். வெளியே டீ குடிக்கும்போது கேட்டேன்.

"என்னா மச்சான், என் பேரக் காணும்?"

"விட்டுப்போச்சுடா கதிரவா. நாம என்னா வேற வேறயா?"

அடுத்த மாதமே குடிகாட்டுப் பக்கம் ஓர் ஆலை அவனைப் பாதுகாப்புப் பொறுப்பாளராக எடுத்துக்கொண்டது. கம்பெனியை மூடினோம்.

நான் கோபப்படவில்லை. மறுவருடம் அந்த ஆலைக்கு நாங்கள் முன்பே செய்து கொடுத்திருந்த கணினிகளுக்குப் புதிய பதிப்பு போட, அவன் காரிலேயே என்னைக் கூட்டிப்போனான். பட்டியல் இருந்த கோப்பின் முதல் வரியில் 'அமைத்தவர்: அறிவுமதி' என்றிருந்தது. மூன்றாவது ஷெட் கணினியில் மெமரி பழுது. வாரத்துக்கு இரண்டு முறை கெர்னல் விழுந்து, பத்தாவது விநாடி எழுந்துகொண்டிருந்தது. மெமரியை மாற்றச் சொல்லியிருக்கலாம். நான் பத்தை அழித்துப் பூஜ்யம் வைத்தேன்.

அங்கே பீப்பாய் கழுவும் ரத்தினம்மாள்தான் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"ரிப்பேரா சார்?"

"இல்லம்மா. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

கணினி ஒருநாள் நிற்கும், அறிவுமதியைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அவ்வளவுதான் நினைத்தேன்.

ஆறு நாள் கழித்து மதியம் வாயு கசிந்தது. கணினி காலையிலேயே உறைந்துவிட்டது. திரையில் காலையில் காட்டிய வாயு அளவு பச்சை நிறத்தில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஷிஃப்ட் மேஸ்திரி தங்கராசு, ரத்தினம்மாளை ஷெட்டுக்குள் போகச் சொன்னார். அவள் வரவில்லை. அவளைத் தூக்கப் போன அவரும் வரவில்லை. சங்கு ஊதவே இல்லை.

மறுநாள் அறிவுமதி என் வீட்டுக்கு வந்தான். உட்காரக்கூட இல்லை.

"லிஸ்ட்டு நீ போட்டதுன்னு சொல்லுடா மச்சான். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியும்ல? போலீஸ்ல என்னையப் புடிச்சிக் கேக்குறாங்க."

ஒரு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை.

"உன் பேருதானடா போட்டிருக்கு" என்றேன். மோர் கொடுத்து அனுப்பினேன்.

விசாரணையில் அவன் என் பெயரைச் சொல்லத்தான் செய்தான். யாரும் நம்பவில்லை. நான் சும்மா இருந்தேன். இந்த மூன்று வருடமும் நன்றாகத் தூங்கினேன் சார்.

போன வாரம் கோர்ட்டில் ஒரு நிபுணர் சாட்சி சொன்னார். இந்தப் பட்டியலைப் போட்டவர் சாதாரண ஆள் இல்லை, இவ்வளவு நுட்பமாக அமைத்ததைத் தான் பார்த்ததே இல்லை, இந்த ஓர் எண் எப்படித் தவறியது என்றுதான் புரியவில்லை என்றார். எல்லோரும் திரும்பி அறிவுமதியைப் பார்த்தார்கள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அது தவறவில்லை. அந்தக் கணினி விழும் என்று தெரியும். அந்த ஷெட்டுக்குள் ரத்தினம்மாள் இருப்பாள் என்றும் தெரியும். தெரிந்துதான் வைத்தேன். இதையாவது என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.