பின்பக்கம் இல்லாத படகு

படகின் பின்பக்கம் தட்டையாக இருந்தால் பிரியாணி அண்டா வைக்க வசதி. அதை நான் மறுக்கவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆனால் கரை தெரியாத கடலில் பாய் விரித்துப் போகிறவனுக்கு அண்டாவா முக்கியம்? முதுகுக்குப் பின்னால் வரும் அலைதான் முக்கியம். தட்டையான பின்பக்கத்தை அது ஓங்கி அறைந்து படகைக் குறுக்கே திருப்பிவிடும். முன்பக்கம் போலவே பின்பக்கமும் கூராக இருந்தால் அலை பிளந்து ஒதுங்கிக்கொள்ளும். சார்ஜாவில் படகுத் தச்சனாக இருந்தபோது நானே பார்த்தேன். எங்கள் பின்முனையைக் கண்டு சங்கடப்பட்ட ஒரு பெரிய அலை இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி ஓமானுக்கும் மறுபாதி கராச்சிக்கும் போய்ச் சேர்ந்தது.

இதைச் சிரிக்காமல் கேட்டவர் ஜெரோம் வாத்தியார் ஒருவர்தான். ஆவூர்க்காரர், இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். "கராச்சிக்குப் போனது பாஸ்போர்ட் எடுத்துச்சாய்யா, அழகுமலை?" என்றார். என் மனைவி சுகுணா காலமான பிறகு என்னிடம் ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் கொட்டகை போட்டு இருவரும் படகு கட்டினோம். தட்டைப் பின்பக்கம்தான் வேண்டும் என்றார் அவர்.

"காலை நீட்டிப் படுக்க எடம் வேணும்யா."

"அதுக்கு வீடு இருக்குல்ல வாத்தியாரே, அங்கிட்டுப் போய் நீட்டுங்க."

விசைப்படகுப் பையன்கள் எட்டிப் பார்த்து, "பெரியப்பா, இதுக்கு மூஞ்சி எங்கிட்டு?" என்பார்கள். "ரெண்டு பக்கமும் மூஞ்சிதான். ஒனக்கு ஒன்னுகூடச் சரியா அமையலயேன்னு அதுக்கு வருத்தம்" என்பேன்.

சீக்கிரம் முடியக்கூடிய வேலைதான். அவர் சாப்பிடப் போகும்போது ஒரு பலகையைக் கழற்றி வைப்பேன். "இது சரியா ஒக்காரல வாத்தியாரே" என்றால், மறுபடி இழைக்க உட்கார்ந்துவிடுவார். இப்படியே வருடங்கள் ஓடின.

இந்த மாசியில் கழற்ற எதுவும் மிஞ்சவில்லை. இந்தப் படகிலேயே போர்ட் பிளேரில் இருக்கும் மகள் பிரின்சியிடம் போகிறேன், இனி அங்கேதான் என்றார் வாத்தியார். நானும் வாரேன் என்றேன்.

"ரெண்டு பேரு படுக்க ஏதுய்யா எடம்? நீதான கூராக்குன" என்று சிரித்தார்.

நியாயமான பதில்தான்.

கூரான பின்முனைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. எங்கள் படகில் திசை திருப்பும் சுக்கான் அடியில் ஒளிந்திருக்காது. கதவு மாதிரி, பின்முனைக்கு வெளியே கீலில் தொங்கும். யாரும் கையை நீட்டிச் சரிசெய்யலாம். நான் கீல்களின் இரும்பு ஆணிகளை எடுத்துவிட்டு, அதே கனத்தில் வேப்பங்குச்சி செருகி, மேலே கிரீஸ் தடவினேன். கரை மறையும் முன்பே ஒடிந்துவிடும், துடுப்பைப் போட்டுத் திரும்பி வந்துவிடுவார், இன்னும் ஒரு வருடத்துக்கு வேலை இருக்கும் என்று நினைத்தேன். அவர் தனியாகக் கிளம்பிப் போன அன்றைக்கு மீன்குழம்பு இரண்டு பேருக்கு வைத்தேன்.

மாலையில் காற்று ஏறியது. பிரின்சி போன் செய்தது.

"அங்கிள், அப்பா போன் எடுக்கவே மாட்டேங்குறாங்க. யார்கிட்டயாவது சொல்லித் தேடச் சொல்லட்டுமா?"

"கடல்ல டவர் இருக்காதும்மா. அவரே பேசுவாரு, பயப்படாத."

வேறு யாராவது மீட்டால் நேராக மகளிடம் அனுப்பிவிடுவார்கள். தானாகத் திரும்பினால் என் வீட்டுக்கு வருவார். அதனால் மறுநாளும் அதையே சொன்னேன்.

படகை மீனவர்கள் இழுத்து வந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அத்தனை காற்றிலும் கவிழவில்லை. உள்ளே ஒரு குவளைத் தண்ணீர்கூட ஏறவில்லை. சுக்கானைத்தான் காணோம். ஒடிந்ததும் அதைப் பிடிக்கக் குனிந்திருப்பார். கூரான முனையில் கால் ஊன்ற இடம் பற்றாது.

ஆணியை எடுத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்ததும் நான்தான். இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா: நான் அவரை விடவில்லை. படகும் அவரை விடவில்லை. அவர்தான் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.