உள்ளே கிழிந்த லைனிங்

மனைவி: அமுக்குங்க.

தையல்காரர்: கீ...!

மனைவி: நீங்க கத்தாதீங்க. வாத்து கத்தணும்!

தையல்காரர்: நாப்பத்தஞ்சு வயசுல ரப்பர் வாத்து. இது ஆஸ்பத்திரியா, எல்கேஜி கிளாஸா?

மனைவி: நர்ஸ் சொன்னாங்கல்ல? ஸ்டென்ட் வைக்கறப்ப முழு மயக்கம் கிடையாது. டாக்டர் சொன்னா வலது கையால அமுக்கணும். சத்தம் வந்தா மூளைக்கு ரத்தம் போகுதுன்னு தெரிஞ்சுக்குவாங்க.

தையல்காரர்: மூளை இருக்குன்னு முடிவே பண்ணிட்டாங்களா?

மனைவி: ஸ்கேன்ல தெரிஞ்சுதாம். எனக்கே ஆச்சரியம்.

தையல்காரர்: பக்கத்து பெட்காரருக்கு நான்தான் விளக்கினேன். நான் போன டாக்சி இடிச்சதுல சீட் பெல்ட் என் கழுத்த இறுக்கிடுச்சு. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல மேல்துணிக்கு ஒண்ணும் ஆகல... உள்ள லைனிங் கிழிஞ்சு தொங்கி வழிய அடைக்குது. ஸ்டென்டுங்கற வலைக்குழாய விட்டு லைனிங்க மேல்துணியோட சேத்து அழுத்தி வச்சிடுவாங்கன்னேன்.

மனைவி: என்ன சொன்னார்?

தையல்காரர்: ஒரு கோட்டுக்கு அளவு எடுத்துக்கச் சொன்னார்.

மனைவி: அந்தக் கோட்டை வெட்டற கைதான் இது. ம்... அமுக்குங்க.

தையல்காரர்: இந்தா... கேட்டுச்சா? கீ கீன்னு!

மனைவி: போர்வைக்கு வெளிய வச்சு அமுக்குங்க.

தையல்காரர்: குளிருதுடி...

மனைவி: ஃபேனே ஓடல. எடுங்க போர்வைய.

தையல்காரர்: ஏய், விடு... எல்லாரும் பாக்கறாங்க...

மனைவி: இடது கையில வாத்து!

தையல்காரர்: சரி சரி... இந்தா, வலது கைக்கு மாத்திட்டேன்.

மனைவி: இப்ப ஏன் சத்தத்தையே காணோம்?

தையல்காரர்: விடியறப்ப ரெண்டு தடவ வலது கை மரத்துப்போச்சு. ரெண்டு நிமிஷம்தான். திரும்ப வந்துடுச்சு... ஆனா அமுக்கினா பாதி 'கீ'தான் வருது.

மனைவி: ஏன் சொல்லல?

தையல்காரர்: கை போனவனுக்கு ஸ்டென்ட் எதுக்குன்னு திருப்பி அனுப்பிட்டா? அப்புறம் கத்தரியை யார் பிடிக்கறது? நீயும் பயந்துடுவே...

மனைவி: நானா... பயப்படறேன்?

தையல்காரர்: அழறியா?

மனைவி: சிரிக்கறேன். பேசாம இருங்க.

தையல்காரர்: சரி, டாக்டர்கிட்ட சொல்லிடறேன். ஆபரேஷன் லிஸ்ட்ல நான் மூணாவது ஆள்தானே, நேரமிருக்கு... ஏய், ஸ்ட்ரெச்சர் ஏன் என்கிட்ட வருது?

மனைவி: காலையில சட்டை பட்டன இடது கையால போட்டுக்கிட்டிருந்தீங்க. இருபது வருஷமா உங்க பக்கத்துல உக்காந்து பட்டன் தைக்கறேன்... எனக்குத் தெரியாதா? அப்பவே ஓடிப்போய் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அதான் உங்களை முதல்ல கூட்டிட்டுப் போறாங்க. உங்க வாயால வருதான்னுதான் இவ்வளவு நேரம் பாத்தேன்.