டானின் முதல் மூன்று நிமிடங்கள்

— நிறுத்து, நிறுத்து. இங்கதான் முகம் வருது. எத்தனை செகண்ட்?

— நூத்திப் பத்து. அது வரைக்கும் முதுகு, செருப்பு, மோதிரம் போட்ட விரல். ஏன் பாப்பா, இந்த டானுங்களுக்கெல்லாம் முகத்தைக் காட்ட அவ்வளவு கூச்சமா?

— கூச்சம் இல்லண்ணா. நம்மளைக் காக்க வைக்கறாங்க. இது ஒன்பதாவது படம். ஒன்பதுலயும் டான் அறிமுகமாகற சீன்ல முகம் கடைசிலதான் வருது. எழுதிக்கோ.

— எழுதியாச்சு, டைரக்டரம்மா. கையில என்ன வெச்சிருக்கான்னு ஒரு கட்டம் போட்டிருக்கியே, அதுல என்ன எழுதட்டும்?

— நகவெட்டி.

— போன படத்துல கொய்யாப்பழம். அதுக்கு முந்தின படத்துல செடிக்குத் தண்ணி ஊத்தற பூவாளி. கத்தியை ஒருத்தனும் தொட மாட்டேங்கறான். இவனுங்களைப் பார்த்து ஊரே எப்படிப் பயப்படுது?

— அதுதான் விஷயமே. டான் ஒண்ணும் பண்ண வேண்டாம். எதிர்ல நிக்கறவனுக்கு வேர்த்துக் கொட்டணும். அவன் பயத்தைப் பார்த்துத்தான் நாம டானை நம்பறோம்.

— அப்ப உன் படத்துல டானா நடிக்கற என் வேலை சுலபம். உக்காந்து நகம் வெட்டினாப் போதும். வெள்ளிக்கிழமை நான் ஓட்டற ஸ்கூல் வேன்ல ஒரு கூத்து நடந்துது, கேளேன். இந்த மீசையைப் பார்த்துட்டு ஒரு வாண்டு வண்டியில ஏற மாட்டேன்னு ஒரே அழுகை. முப்பத்தெட்டு நாள் மீசை, சும்மாவா?

— அப்புறம் எப்படி ஏத்தின?

— குனிஞ்சு உக்காந்து, இழுத்துப் பார்த்துக்கோன்னு சொன்னேன். ரெண்டு தடவை இழுத்துது. அப்புறம் வீடு வந்தும் இறங்க மாட்டேங்குது.

— ம்.

— என்ன "ம்"? வியாழக்கிழமையிலிருந்து இப்படித்தான் இருக்க. டீயை வாங்கி வெச்சுக்கற, ஆறின அப்புறம் கொண்டு போய்க் கொட்டற.

— ஒண்ணும் இல்லண்ணா. பத்தாவது படத்தைப் போடு.

— போட்டாச்சு. மழை. ஏழெட்டு பேர் குடையோட நிக்கறாங்க. கார் வருது. டிரைவர் இறங்கி ஓடி வந்து கதவைத் திறக்கறான். முகம் இல்ல, ஷூதான். பாவம் பாப்பா இந்த டிரைவர். எல்லாப் படத்துலயும் முதல்ல நனையறது அவன்தான், ஒரு படத்துலயும் அவனுக்குப் பேர் வைக்கல.

— டிரைவருக்கு நான் கட்டம் போடல.

— போடு. நம்ம ஆளு.

— அண்ணா, விளையாடாத. இந்த டானுங்க முகத்தையெல்லாம் கவனிச்சியா?

— கவனிச்சேன். எல்லாம் பல்வலி வந்த முகம்.

— அது உன் முகத்துல வருமா?

— ஏன் வராது? தினமும் குளிச்சிட்டு வந்து கண்ணாடி முன்னாடி பண்ணிப் பார்க்கறேன். இரு. இப்பப் பாரு.

— நீ சிரிக்கற.

— இது முறைப்பு.

— எனக்குச் சிரிப்பாத்தான் தெரியுது.

— கிட்ட வந்து பாரேன்.

— லேப்டாப்பை மூடுண்ணா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— ஜிம்மா?

— என்ன?

— உன் கிளாஸ்ல உடம்பை ஏத்திட்டுத் திரியறானே, ஜிம்னு கூப்பிடறீங்களே, அவன். அவனைத்தானே டானாப் போடப் போற?

— யார் சொன்னா?

— யாரும் சொல்லல. நேத்து போன்ல அவன்கிட்டத் தோள் அளவு கேட்டுட்டு இருந்த. நான் ஒட்டுக் கேக்கல, அடுப்படியில நின்னேன், காதுல விழுந்துது. டானோட கோட்டுக்கு என்கிட்டத்தானே அளவு எடுத்த, இவனுக்கு எதுக்கு இன்னொரு கோட்டுன்னு யோசிச்சேன்.

— தெரிஞ்சும் காலையிலிருந்து உக்காந்து பத்து படம் பார்த்தியா?

— நீ எப்பச் சொல்லுவன்னு பார்த்துட்டு இருந்தேன். ஒவ்வொரு படம் முடியும்போதும் வாயைத் திறக்கற, அடுத்த படம் போடுங்கற.

— சாயங்காலத்துக்குள்ள சார்கிட்ட நடிகர் பேரைக் குடுக்கணும்ணா. நாளைக்கு ஷூட்டிங். கோர்ஸ் முடிக்கற படம் இது. இது சொதப்பினா ரெண்டு வருஷமும் போச்சு. அப்புறம் என்னை எவன் படம் எடுக்கக் கூப்பிடுவான்?

— சரி, விடு. மீசைதானே. எடுத்துட்டா அந்த வாண்டுதான் வருத்தப்படும்.

— இப்படிப் பேசாத. கோவம்னா திட்டிடு.

— கோவம் இல்லம்மா. ஆசைப்பட்டேன், இல்லேன்னு சொல்ல மாட்டேன். எங்க வேன் ஸ்டாண்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிட்டேன், நாளைக்கு லீவும் சொல்லிட்டேன். அதை நான் பார்த்துக்கறேன். எங்க தப்புப் பண்ணினேன்னு மட்டும் சொல்லு. நடிகன் டைரக்டர்கிட்டக் கேக்கற மாதிரிக் கேக்கறேன்.

— புதன்கிழமை டெஸ்ட் எடுத்தமே, அதை மறுநாள் கிளாஸ்ல போட்டுக் காட்டினோம். இவர் கொல்லப் போறவர் மாதிரி இல்ல, சாப்ட்டியான்னு கேக்கப் போறவர் மாதிரி இருக்கார்னு சார் சொன்னார்.

— நல்ல வாத்தியார். சரியாத்தான் சொல்லியிருக்கார்.

— அதைக்கூடச் சமாளிச்சிருப்பேன். அந்தக் கார் ஷாட்தான். நம்ம கூட்டத்துல உனக்கு மட்டும்தான் ஓட்ட வரும்னு டானையே ஓட்ட வெச்சோம். உன் ஆளுங்க நாலு பேர் ஏறணும், நீ வண்டியைக் கிளப்பணும். அவ்வளவுதான். நீ என்ன பண்ணின?

— கிளப்பினேன்.

— அதுக்கு முன்னாடி. திரும்பிப் பார்த்து, விரலை நீட்டி, ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு தலையை எண்ணின. எண்ணி முடிச்சு, சரின்னு தலையாட்டிட்டு அப்புறம்தான் சாவியைத் திருகின. கொலை பண்ணக் கிளம்பற வண்டிண்ணா அது. கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அதுலேருந்துதான் டீ இறங்கல.

— எண்ணினேனா?

— மூணு டேக்லயும். ரெண்டாவதுக்கு முன்னாடி எண்ணாதன்னு சொன்னேன், சரின்னுட்டு மறுபடி எண்ணின. மூணாவதுல விரலை நீட்டல, உதடு மட்டும் அசையுது.

— வேன் பழக்கம். எட்டு வருஷம் ஆச்சே.

— வேன் ஓட்டறதுக்கு முன்னாடியே நீ எண்ணுவண்ணா. ஆட்டோவுல எண்ணுவ. லிஃப்ட்ல எண்ணுவ. நாம ரெண்டே பேர் இருந்தாலும் எண்ணுவ. சின்ன வயசுல நான் அதை ஒரு விளையாட்டுன்னு நினைச்சிருந்தேன்.

— அப்படியே நினைச்சுக்கோ.

— அண்ணா.

— யார்கிட்டயும் சொன்னதில்ல பாப்பா. அம்மா போற வரைக்கும் அவங்ககிட்டகூட.

— என்கிட்டச் சொல்லு.

— உனக்கு அப்ப மூணு வயசு. எனக்குப் பதினொண்ணு. அம்மா ஆஸ்பத்திரியில படுத்திருந்தாங்க. அவங்களுக்குச் சாப்பாடு குடுத்துட்டு, உன்னையும் கூட்டிட்டு வீட்டுக்குத் திரும்பறேன். பஸ் ஸ்டாண்டுல சரியான கூட்டம். ஒரு கையில தூக்குப் பாத்திரம், ஒரு கையில நீ. பஸ் வந்துது. முட்டி மோதி ஏறி, ஜன்னலோரத்துல இடமும் பிடிச்சிட்டேன். பெரிய ஆள் மாதிரி ஒரே பெருமை எனக்கு. ரெண்டு ஸ்டாப் தாண்டின அப்புறம்தான் மடியைப் பார்த்தேன். பாத்திரம் இருந்துது.

— நான்?

— பாத்திரம் மட்டும்தான் இருந்துது.

— அப்புறம்?

— குதிச்சு இறங்கி ஓடி வந்தேன். நீ நின்ன இடத்துலயே நின்னுட்டு இருந்த. அழல. ஒரு கையை மட்டும் மேல தூக்கி வெச்சிருந்த, நான் பிடிச்சிட்டு இருந்தேனே, அதே மாதிரி.

— எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லண்ணா.

— இல்லாததே நல்லது. எனக்கு இருக்கு, போதும். ஏய், என்ன இது, கண்ணைத் துடை. இதுக்குத்தான் சொல்லாம வெச்சிருந்தேன்.

— பத்து படம் பார்த்தோம். பத்துலயும் டானைப் பார்த்து மத்தவங்க பயப்படறாங்க. டான் எதுக்குப் பயப்படறான்னு ஒருத்தன்கூடக் காட்டல.

— அதுக்கும் நீ கட்டம் போடலியே.

— அந்த போனை எடு.

— யாருக்கு?

— சாருக்கு. டானுக்கு உன் பேர்தான் குடுக்கணும். அண்ணா, நாளைக்குக் கார்ல ஜிம்மை எங்க உக்கார வைக்கட்டும்? தலையை எண்ணும்போது அவனை முதல்ல எண்ணுவியா, கடைசில எண்ணுவியா?