புள்ளிக் கல்

சதுக்கத்தில் போட்டிருக்கும் புதுக் கல் நன்றாகத்தான் இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் தேங்குவதில்லை, செருப்பு வழுக்குவதில்லை. அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

எங்கள் சித்தப்பாவுக்குக் கண் தெரியாது. சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். காலையில் அவரைக் கடையில் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் என் வேலை. அப்போதெல்லாம் சதுக்கம் கசகசவென்று இருக்கும். பழக்கடைகள், செருப்பு தைப்பவர், மரத்தடி பெஞ்சில் நாளெல்லாம் சீட்டாடும் பெரியவர்கள்.

"டிரைவர் வந்தாச்சு, முதலாளிக்கு வழி விடுங்கப்பா" என்று செருப்பு தைப்பவர் குரல் கொடுப்பார். எல்லாரும் காலை மடக்கிக்கொள்வார்கள். வகுப்பில் எனக்கு வழி விட ஆள் கிடையாது.

பிறகு, சதுக்கத்தின் பழைய அழகை மீட்கிறோம் என்றார்கள். கடைகளை எடுத்தார்கள், பெஞ்சுகளையும் எடுத்தார்கள். நடைபாதையும் ரோடும் ஒரே மட்டமாயின. கண் தெரியாதவர்களுக்கென்று தனியாக ஒரு கல் வரிசை. கோடு போட்ட கல் காலில் பட்டால் நடக்கலாம். புள்ளி வைத்த கல் பட்டால் நிற்க வேண்டும், முன்னால் ரோடு.

சித்தப்பா சீக்கிரமே பழகிவிட்டார்.

"டேய், டிரைவர வேலைய விட்டுத் தூக்கியாச்சு. இனிமே ஒழுங்கா படிக்கிற வழியப் பாரு."

"போறப்ப ஹாரனைக் குடுத்துட்டுப் போடா" என்றாள் அம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவருக்குக் கெடுதல் நினைத்து நான் எதுவும் செய்யவில்லை. ரோட்டோரம் புள்ளிக் கற்கள் ஆடுகின்றன என்று கொத்தனார் பெயர்த்து, மணலில் சும்மா வைத்துவிட்டு சிமெண்ட் எடுக்கப் போயிருந்தார். பக்கத்தில் கோட்டுக் கற்கள் மிச்சம் கிடந்தன. இரண்டும் ஒரே அளவு. மாற்றி வைத்தேன். நிற்கச் சொல்லும் கல் இல்லையென்றால் குழம்புவார், என்னைக் கூப்பிடுவார், ஓடிப்போய்க் கையைப் பிடிப்பேன். அவ்வளவுதான் நினைத்தேன். கொத்தனார் குறுக்கே கட்டியிருந்த கயிற்றையும் அவிழ்த்துவிட்டேன். அது இருந்தால் அங்கேயே நின்றிருப்பார்.

சித்தப்பா கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். முன்பென்றால் பத்துப் பேர் கத்தியிருப்பார்கள். இப்போது அந்த வெட்டவெளியில் ஒரு ஆளில்லை. அவர் குழம்பவே இல்லை. கோடு காட்டிய வழியில் நிமிர்ந்து நடந்தார். புது பேட்டரி பஸ்ஸுக்குச் சத்தம் கிடையாது. அது வருவது எனக்குத் தெரிந்தது. இன்னும் கூப்பிடவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே உயிர் போய்விட்டது.

கொத்தனாரை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். கயிறு கட்டினேன், கட்டினேன் என்று அழுகிறாராம். யாரும் நம்பவில்லை. அவர் சொல்வது நிஜம்தான். வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். விடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். கல்லை மாற்றியது நான், கயிற்றை அவிழ்த்தது நான். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனே. சித்தப்பாவுக்கு என்ன அப்படி ஒரு வீம்பு?