நான் பின்னுக்குத் தள்ளிய பதினோரு நிமிடம்

பாதுகாப்பு வாரக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இருபுறமும் இடம்பிடித்து அமர்ந்திருக்கும் அதிகாரப் பெருமக்களே, பம்புகளின் பேரோசைக்குப் பாதிக் காதைப் பறிகொடுத்து, மீதிக் காதை எனக்காக எடுத்து வந்திருக்கும் மூத்த தொழிலாளத் தோழர்களே, வீட்டு வேலையை முடித்து, வெளி வேலைக்கு ஓடி, இடையில் இங்கே வந்து இளைப்பாறும் தாய்மார்களே, முன்வரிசையில் இருக்கும் என் தங்கச்சியே, அவளை ஒட்டி உட்கார்ந்திருக்கும் மூன்றாம் வகுப்பு மகளே, அனைவருக்கும் இந்த நீரேற்று நிலையத்துக் குழாய்ப் பிரிவு மேஸ்திரியின் வணக்கம்.

நாம் வருகை பதிகிற கைமிஷினின் கடிகாரத்தைச் சரியாக வைத்திருப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். எட்டு நிமிடம் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்று என்னைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் தலைவர் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறார். வைக்கட்டும், இன்றைக்கு நான் நேரத்தை மீறப் போவதில்லை.

முதலில் ஒரு சின்ன வேலை. மேஸ்திரிகள் எல்லோரும் உங்கள் கைமிஷினை எடுங்கள். மணி என்ன? நான்கு ஐந்தா? தூணோரம் நிற்கிற அண்ணனுக்கு? நான்கு இரண்டு. வடிகட்டிப் பிரிவுக்கு? நான்கு பன்னிரண்டு. ஐயா, நீங்கள் எங்களுக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். நான்கு மாதத்துக்கு முன்புவரை நானும் சிரித்தவன்தான்.

இந்த மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் நான்கு ஐந்து காட்டுகிறது. அதுதான் சரியான நேரம். இந்தக் கைமிஷினுக்கு நேரம் எங்கிருந்தும் தானாக வருவதில்லை. நாம் வைப்பதுதான் அதற்கு நேரம். காலையில் இதில்தான் கட்டைவிரலை வைத்து வருகையைப் பதிகிறோம். மதியம் சேறு அள்ள இறங்கும்போது இதையேதான் நிலத்தடிக் குழாய்க்குள் கொண்டுபோகிறோம். உள்ளே போன் எடுக்காது. மதகு திறப்பவர் வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், கண்ணுக்கும் தெரியமாட்டார், கத்தினாலும் கேட்காது. இரண்டு ஐம்பதுக்குள் நாம் வெளியேற வேண்டும், மூன்று மணிக்கு அவர் மதகைத் திறப்பார். அவருக்கும் நமக்கும் நடுவே கயிறு உண்டா? மணி உண்டா? விளக்கு உண்டா? கடிகாரம் ஒன்றுதான் உண்டு.

நெட்டையை உங்களுக்குத் தெரியும். குழாய்க்குள் எல்லோரும் தலை குனிந்து நடப்போம், அவன் இடுப்பையே வளைத்து நடப்பான். வெளியே வந்ததும், "மேஸ்திரி, என்னை நிமித்தி விடுங்க" என்பான். சேற்றில் நின்றும் சிரிக்கத் தெரிந்தவன், சொன்ன வேலையைச் சுத்தமாய்ச் செய்தவன். அவன் அந்தக் குழாய்க்குள்ளேயே போய்ச் சேர்ந்தான்.

உடன் இறங்கிய இருவரும் பிழைத்தார்கள். சாமான்களோடு அவர்களை ஏறச் சொன்னவன் அவன்தான். கைமிஷினைப் பார்த்துவிட்டு அவன் சொன்னதை இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "ரெண்டு நாப்பத்தேழுதான் ஆவுது. நீங்க ஏறுங்க, இந்த மூலையை முடிச்சிட்டு வந்துடறேன்." அவர்கள் மேலே வந்து மூச்சு வாங்குவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

விசாரணை நடந்தது. கைமிஷின் தண்ணீரில் ஊறிச் செத்துப்போயிருந்தது. அதனால் அதிகாரிகள் சரிபார்ப்புப் பதிவேட்டைப் புரட்டினார்கள். அன்றைய தேதியில், 'கட்டுப்பாட்டு அறைக் கடிகாரத்தோடு ஒப்பிடப்பட்டது, நேரம் சரி' என்று கையெழுத்து இருந்தது. கடிகாரம் சரியென்றால் தவறு யாருடையது? பார்த்தவனுடையது. மணியைத் தவறாகப் பார்த்த தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். எழுதியதோடு நின்றதா? கடை வாசலில் பேசினார்கள், பஸ்ஸில் பேசினார்கள், பள்ளிக்கூடத்திலும் பேசினார்கள்.

போன வாரம் நெட்டையின் மனைவி, இந்தத் தங்கச்சியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அடுப்படியில் இருந்தாள். இந்தக் குழந்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டது. "மாமா, எங்கப்பாவுக்கு மணி பாக்கத் தெரியாதாமே? கிளாஸ்ல சொல்றாங்க. ஆனா எனக்கு மணி பாக்கச் சொல்லிக் குடுத்ததே அப்பாதான்."

மேடை மேடையாய் முழங்கியவன் நான். அந்தக் குழந்தையின் ஒரு கேள்விக்குப் பயந்து எழுந்து வந்துவிட்டேன். ஏன் தெரியுமா? பதிவேட்டில் இருந்த கையெழுத்து என்னுடையது.

அன்று காலை நெட்டை வரும்போது மணி எட்டு ஒன்பது. தங்கச்சிக்குத் தையல் கம்பெனியில் காலை ஷிப்ட், குழந்தையைப் பள்ளியில் விடுவது அவன் வேலை. அந்த மாதத்தில் அது மூன்றாவது தாமதம், விரல் வைத்தால் மெமோ நிச்சயம். அவன் கெஞ்சவில்லை. நானாகத்தான் கைமிஷினில் பதினோரு நிமிடத்தைப் பின்னுக்குத் தள்ளினேன். ஏழு ஐம்பத்தெட்டு என்று காட்டியது. "வை விரலை" என்றேன். "நீங்க நல்லாருக்கணும் மேஸ்திரி" என்று சொல்லி வைத்தான்.

உதவிதான் செய்தேன். நம்மில் யார்தான் செய்யாதவர்? தலையைக் குனியாதீர்கள், உங்களைக் காட்டிக்கொடுக்க நான் வரவில்லை. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன், மறந்தேன். கட்டுப்பாட்டு அறைக்கு நாற்பது படி. முழங்கால் வலி என்று ஏறாமலே, தினமும் போடுகிற கையெழுத்தை அன்றும் போட்டேன். அந்த மிஷினை அவன் கையில் நானே கொடுத்தேன்.

இரண்டரைக்கு அலுவலகத்தில் கூப்பிட்டார்கள், போனேன். பேச்சுக்கு நடுவே சுவரைப் பார்த்தேன். இரண்டு ஐம்பத்தெட்டு. இந்நேரம் ஏறியிருப்பார்கள் என்று நினைத்த அதே நொடியில் அந்தப் பதினோரு நிமிடம் நினைவுக்கு வந்தது. ஓடினேன். ஏறாத படிகளுக்கெல்லாம் சேர்த்து ஓடினேன். நான் குழாய் வாயருகே போனபோது இரண்டு பேர் நின்றார்கள், மூன்றாவது ஆள் இல்லை.

தலைவர் அவர்களே, நீங்கள் அனுப்பிய சீட்டு கிடைத்தது. 'உடனே முடிக்கவும்' என்று இருக்கிறது. முடிக்கிறேன். ஆனால் நான்கு மாதமாக உண்மைக்கு வருமுன்னே பேச்சை முடித்து முடித்துத்தான் இந்த நிலைக்கு வந்தேன்.

வேலை போகும் என்று பயந்து வாயை மூடினேன். பெயர் போகும் என்று பயந்து மூடினேன். என் பெயரைக் காப்பாற்ற ஒரு செத்தவன் பெயரைச் சேற்றில் போட்டேன். இதோ, நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம். கையெழுத்து அதேதான், ஆனால் இந்த முறை படியேறிப் பார்த்துவிட்டுப் போட்டிருக்கிறேன். விசாரணை அதிகாரிக்கு ஒரு பிரதி காலையிலேயே போய்விட்டது. இது உங்களுக்கு. என்ன தண்டனை வந்தாலும் வரட்டும், நெட்டையின் பெயருக்கு எதிரே எழுதிய அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.

தங்கச்சி, மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உட்காரம்மா, நீ எதுவும் சொல்ல வேண்டாம்.

தோழர்களே, தலைப்புக்கு வருகிறேன். கடிகாரத்தைச் சரியாக வைத்திருப்பது எப்படி? நாற்பது படி ஏறுங்கள். ஏறிப் பாருங்கள், பார்த்து வையுங்கள், வைத்த பிறகு எழுதுங்கள். தாமதமாய் வந்தவனைக் காப்பாற்ற வேண்டுமா? மெமோ கொடுக்கும் அதிகாரியிடம் அவனுக்காகச் சண்டை போடுங்கள், நானும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். கடிகாரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. அம்மாடி, எழுந்து நில்லு. அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பார். மணி என்ன? பயப்படாதே, சத்தமாய்ச் சொல்லு.

நான்கு பதிமூன்று. கேட்டீர்களா? பின்வரிசைக்கும் கேட்டதா? நான்கு பதிமூன்று, மிகச் சரி. இதைச் சொல்லிக்கொடுத்தவர் உன் அப்பா. அன்றைக்கு அவர் பார்த்த மணியும் சரி, மாமா வைத்த மணிதான் தப்பு. வகுப்பில் இனி யாராவது கேட்டால் இதைச் சொல்லு.

தலைவர் அவர்களே, எட்டு நிமிடம் முடிந்தது. பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், எழுந்து போகாமல் இருந்த தோழர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும் நன்றி சொல்லி, நாளை இந்த வேலையில் இருப்பேனோ மாட்டேனோ, இந்தப் பிரிவின் மேஸ்திரியாக என் வணக்கத்தை வைத்து இறங்குகிறேன்.