கூப்பிட்டா வந்துடுவேன்

கதவுல உளி வைக்கிற சத்தம் கேக்குது, அதைக் கீழ வச்சிடுங்கண்ணே. வாடகை வீடு இது. கதவுல ஒரு கீறல் விழுந்தாலும் ஓனர் ஆடித் தீர்த்துடுவார்.

இல்ல இல்ல, மூச்செல்லாம் முட்டல. உள்ள ஜன்னல் இருக்கு. மணி என்னாச்சு? பத்தே முக்காலா? பதினொன்றரைக்கு எனக்கு இன்டர்வியூ. ரெண்டு வருஷமா அலைஞ்சு இப்பத்தான் ஒருத்தன் கூப்பிட்டிருக்கான். பஸ்ஸுல இருபது நிமிஷம். இன்னும் நேரம் இருக்கு.

எங்க வீட்டுக்காரர்தானே அனுப்பினார்? கதவு மாட்டிக்கிச்சுன்னு நான்தான் போன்ல சொன்னேன். காலையில ஒரு சின்னச் சண்டை. அவரோட வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்றப்போ தீச்சுட்டேன். எதிர்ல நிக்காத, உள்ள போன்னார். போயிட்டேன். அவரும் வேலைக்குக் கிளம்பிட்டார். பாவம், தெருமுனை திரும்பறதுக்குள்ளயே மறந்திருப்பார். கோவம் தங்காத மனுஷன்.

எங்கப்பா அப்படி இல்ல. கத்தவே மாட்டார். கை நீட்டினதும் கிடையாது. தப்பு பண்ணா சாமான் ரூமைப் பார்ப்பார், அவ்வளவுதான். நாமளே போய்க் கதவைச் சாத்திக்கணும். அவர் கூப்பிடற வரைக்கும் உள்ளதான். எங்கண்ணன் பாதியிலயே எட்டிப் பார்ப்பான், அவனுக்கு மறுபடி முதல்ல இருந்து. நான் எட்டிக்கூடப் பார்த்ததில்ல. அதனால ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வச்சு எனக்கு மட்டும் ஒரு சுத்து. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம், இவளுக்குப் பூட்டே வேண்டாம்னு சொல்லிச் சொல்லிப் பூரிப்பார். எனக்கும் தலைகால் புரியாது.

அண்ணனா? நல்லாத்தான் இருக்கான். யார் சொன்னாலும் கேக்க மாட்டான். சொந்தமா கடை வச்சிருக்கான்.

காலேஜ்ல ஒரு மேடம், லேப்லயே இரும்மா வர்றேன்னு சொல்லிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிட்டாங்க. ராத்திரி பூட்ட வந்த வாட்ச்மேன் என்னைப் பார்த்து அலறிட்டார். பேய்னு நினைச்சிட்டார் மனுஷன். சிரிங்க, பரவால்ல. நானும் எல்லார்கிட்டயும் சிரிப்பாத்தான் சொல்வேன்.

என்னண்ணே... அசையுதா?

கையை எடுத்துடுங்க. தள்ளாதீங்க, ப்ளீஸ்.

ஆமா, பூட்டல. இந்தப் பக்கம் தாழ்ப்பாளும் போடல. பொய் சொல்லித்தான் உங்களை வரவழைச்சேன். காலையில இருந்து மூணு தடவை கைப்பிடியைப் பிடிச்சுட்டேன். கை போகுது, கால்தான் வரமாட்டேங்குது. புடவை கட்டி, தலைவாரி, சர்டிஃபிகேட்டெல்லாம் பையில வச்சுக்கிட்டு, கதவு ஓரமா நின்னுக்கிட்டுதான் உங்ககிட்ட பேசறேன்.

அவர்கிட்ட எப்படிண்ணே கேக்கறது? கல்யாணமாகி நாலு மாசம்தான் ஆகுது. வெளிய வான்னு ஒரு வார்த்தை போன்ல சொல்லுங்கன்னு கேட்டா, என்னைப் பத்தி என்ன நினைப்பார்?

நீங்க திறந்துவிட்டா ஆகாது. திறந்து கிடந்தாலும் நான் இங்கயேதான் நிப்பேன். யாராவது பெரியவங்க, போதும் வான்னு சொல்லணும்.

உங்க வீட்ல பொண்ணு இருக்கா?

அவளைக் கூப்பிடற மாதிரி ஒரு தடவை கூப்பிடுங்க. என் பேரெல்லாம் வேண்டாம்ண்ணே. அவ பேரைச் சொல்லியே கூப்பிடுங்க, போதும்.